ஓட்டமும் ஒரு தொழில்தான்

(தோட்டத்துப் பெற்றோர் கூட்டத்தில் எமது நிதியத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக இங்கே எழுத்தில் தருகிறோம்.)



கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டில் அடுப்பையும் ஒரு கை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். களைப்பு எங்களுக்குத் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

தோட்டத்து விளையாட்டுப் போட்டி முடிந்த நாளிலிருந்து எங்களிடம் ஒரே கேள்விதான் வந்துகொண்டிருக்கிறது. "எங்க பையன் மரதன்ல முதலாவது வந்துட்டான். இனிமே பள்ளிக்கூடம் வேணாம், ஓடியே பிழைச்சுக்கிறேன்னு நிக்கிறான். என்ன செய்யிறது?" ஒரு வீட்டில் தகப்பனார் சரி என்கிறார், தாயார் அழுகிறார். இன்னொரு வீட்டில் பெண் பிள்ளைக்கு ஓட ஆசை, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஓட்டம் என்று அப்பாயி தடுக்கிறார்.

ஓடிப் பிழைக்க முடியுமா? முடியும். பிழைக்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். ஆனால் அது என்ன மாதிரி வேலை, சம்பளம் எப்போது வரும், எத்தனை வருஷம் தாங்கும், அதில் யார் யாருக்குப் பங்கு என்று தெரியாமல் பிள்ளையை அனுப்பலாமா? மலையில் ஒரு புது வேலைக்கு ஆள் கேட்டாலே எத்தனை கிலோ, எத்தனை மணி, அரைப் பேரா முழுப் பேரா என்று ஆயிரம் கேள்வி கேட்கிறோம். இதற்கும் கேட்கத்தான் வேண்டும். அதனால் அந்தத் தொழிலின் உச்சிக்கே போன ஒரு மனுஷனுடைய கதையை இன்றைக்குச் சொல்கிறோம். பெயர் எலியுட் கிப்சோகே. நாடு கென்யா.

கென்யா என்றதும் அங்கே ஒருவர் சிரிக்கிறார். தேயிலை ஏலத்தில் எமக்குப் போட்டிக்காரர்கள் ஆயிற்றே! உண்மைதான். இவர் பிறந்த நந்தி மாவட்டமும் தேயிலை விளைகிற மலைநாடு. வெள்ளைக்காரர் காலத்தில் போட்ட தோட்டங்கள் அங்கேயும் இருக்கின்றன, கூடையைச் சுமந்து கொழுந்து எடுக்கிற கைகளும் இருக்கின்றன. ஆகவே எங்கோ ஒரு பணக்கார நாட்டுப் பிள்ளையின் கதை என்று நினைக்க வேண்டாம்.

அவர் பிறந்தது 1984 நவம்பர் 5. நான்கு பிள்ளைகளில் கடைசி. தகப்பனாரைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். தாயார் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற ஆசிரியை. பள்ளிக்கூடம் மூன்று கிலோமீற்றருக்கு அப்பால். ஓடித்தான் போனார், ஓடித்தான் வந்தார். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. மேற்பிரிவிலிருந்து எங்கள் பிள்ளைகளும் மணி அடிக்கிறதுக்குள்ளே அப்படித்தான் ஓடி வருகிறார்கள். பள்ளிக்காலத்தில் அவர் ஓட்டத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இடைநிலைப் பாடசாலைப் படிப்பை முடித்தார். பிறகு அயல் வீடுகளில் பால் சேர்த்து, சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய் கப்சபெட் சந்தையில் விற்றார்.

அதே ஊரில் பற்றிக் சாங் என்று ஒருவர் இருந்தார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில், தடைகளையும் தண்ணீர்க் குழியையும் தாண்டி ஓடுகிற 3,000 மீற்றர் போட்டியில் வெள்ளி வென்றவர். 2001இல் இந்தப் பால்காரப் பையன் அவரிடம் போய், எனக்கு ஒரு பயிற்சித் திட்டம் எழுதித் தாருங்கள் என்று கேட்டான். அந்த நேரம் சாங்கிடம் பேனையும் இல்லை, கடதாசியும் இல்லை. ஒரு குச்சியை எடுத்துப் பையனின் கையிலேயே கீறிக் காட்டினாராம். பையன் அதை மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். இரண்டு வாரம் அப்படியே செய்து முடித்து, அடுத்தது என்ன என்று கேட்டு வந்து நின்றான். பிறகுதான், நீ யாருடைய மகன் என்று சாங் விசாரித்தார். பார்த்தால், சின்ன வயதில் தனக்கு எழுத்தறிவித்த ரீச்சருடைய மகன்!

சாங் அன்றைக்குக் கவனித்தது பையனுடைய வேகத்தை அல்ல, அவன் திரும்பி வந்ததை என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். இரண்டு வாரம் ஒருவரும் பார்க்காத இடத்தில், சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிற பிள்ளை எத்தனை பேர்? இருபது வருஷத்துக்கு மேலாகியும் கிப்சோகேக்கு அவர்தான் பயிற்றுவிப்பாளராக இருந்தார். மாற்றவேயில்லை.

இரண்டே வருஷத்தில் பலன் தெரிந்தது. 2003இல் பாரிஸ் நகரில் உலகப் போட்டி, 5,000 மீற்றர். மொரோக்கோவின் எல் குருஜ், எதியோப்பியாவின் பெகெலே என்று அந்தக் காலத்துச் சிங்கங்கள் இரண்டு பேர் ஓடுகிறார்கள். கிப்சோகேக்கு வயது 18. கடைசி அடியில் எல் குருஜை ஒரு செக்கனில் நூறில் நான்கு பங்கு வித்தியாசத்தில் முந்தினார். நேரம் 12 நிமிடம் 52.79 செக்கன்.

இந்த இடத்தில்தான் எங்கள் பிள்ளைகள் கதையை நிறுத்திவிடுகிறார்கள். பதினெட்டு வயசு, தங்கம், இனி ராஜ வாழ்க்கை என்று. கதை அங்கே ஆரம்பிக்கிறது என்று சொன்னால் நம்புவதில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மூன்றாமிடம். 2008 பெய்ஜிங்கில் இரண்டாமிடம். 2009 உலகப் போட்டியில் ஐந்து, 2011இல் ஏழு. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு ஆள் தெரிவு செய்தபோது கென்யா அணியில் இடமே கிடைக்கவில்லை. வயது 27. ஓட்டப்பாதையில் இனி இவரால் முடியாது என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். அந்த வருஷம் அவர் வீட்டில் போய் உட்கார்ந்திருந்தால் இன்றைக்கு நாங்கள் இந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டோம்.

ஓட்டப்பாதையை விட்டு வீதிக்கு வந்தார். 42 கிலோமீற்றரும் 195 மீற்றரும் கொண்ட மரதன். 2013இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் முதல் மரதன், முதலாவது வந்தார். அதே வருஷம் பெர்லினில் இரண்டாமிடம். அதற்குப் பிறகு பத்துப் பெரிய மரதன், பத்திலும் அவர்தான் முதல். 2015 பெர்லினில் நடந்ததைக் கேளுங்கள். ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே இரண்டு சப்பாத்திலும் உள்தோல் கழன்று, வெளியே வந்து பட்டுப் பட்டென்று அடித்துக்கொண்டிருந்தது. பாதம் கொப்பளித்து இரத்தம். நிற்கவில்லை. 2 மணி 4 நிமிடத்தில் ஓடி முடித்து வென்றார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம். 2018 பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 39 செக்கன், உலக சாதனை. 2019 ஒக்டோபர் 12, வியன்னா நகரில் 1 மணி 59 நிமிடம் 40 செக்கன். காற்றை மறைக்க ஆள் வைத்து, முறைமுறையாக 41 பேர் கூட ஓடி நடத்திய ஓட்டம் அது, அதனால் சாதனைப் புத்தகத்தில் ஏறவில்லை. ஆனாலும் இரண்டு மணிக்குள் ஒரு மனுஷனின் கால் அந்தத் தூரத்தைக் கடந்தது அதுதான் முதல் தடவை. எங்கள் மைதானத்தில் 100 மீற்றரை 17 செக்கனில் ஓடின பிள்ளை முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவதைப் பார்த்தோம் இல்லையா? அதே வேகம். ஒரு தடவை அல்ல, 422 தடவை, இடைவிடாமல்.

சரி, காசுக்கு வருவோம். எல்லோரும் அதற்குத்தான் காத்திருக்கிறீர்கள்.

முந்திய காலத்தில் ஓட்டக்காரர் காசு வாங்குவதே குற்றம். பின்லாந்தின் பாவோ நூர்மி, ஒன்பது ஒலிம்பிக் தங்கம் வென்றவர், காசு வாங்கினார் என்று 1932 ஒலிம்பிக்கில் ஓட விடாமல் தடுத்தார்கள். நந்தியிலேயே பிறந்த கிப் கெய்னோ 1968லும் 1972லும் ஒலிம்பிக் தங்கம் வென்றார், ஆனால் சோறு போட்டது பொலிஸ் உத்தியோகம். எமது நாட்டின் எஸ்.எல்.பி. ரோசா 1970இல் பாங்கொக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 5,000, 10,000 மீற்றர் இரண்டிலும் தங்கம் வென்ற காலமும் அதுதான். பேர்போன பொஸ்டன் மரதனில்கூட 1986இல்தான் முதல் முதலாகப் பரிசுப் பணம் கொடுத்தார்கள்.

இப்போது காசு உண்டு. மூன்று வழியாக வருகிறது. ஒன்று பரிசு: பொஸ்டனில் 2023இல் முதலாமிடத்துக்கு 150,000 டொலர். இரண்டாவது, பேர் எடுத்தவர் எங்கள் ஊரில் வந்து ஓடினாலே போதும் என்று போட்டிக்காரர்கள் கொடுப்பது. மூன்றாவது, சப்பாத்துக் கம்பனி ஒப்பந்தம். பெரிய காசு கடைசி இரண்டிலும்தான். அது முதல் வரிசையில் நிற்கிற சில பேருக்கு மட்டும். கென்யாவில் தினமும் விடியற்காலையில் ஓடுகிற பிள்ளைகள் ஆயிரக்கணக்கில். அவர்களில் வெளிநாட்டு விமானம் ஏறுகிறவர்கள் கொஞ்சம், ஏறினவர்களில் வீடு கட்டுகிறவர்கள் அதிலும் கொஞ்சம்.

ஒன்றை யோசியுங்கள். நாங்கள் மலைக்குப் போனால் அன்றைக்குப் பேர் விழும். ஓட்டக்காரருக்குப் பேர் போடக் கணக்கப்பிள்ளை இல்லை. முழு மரதன் ஓடுகிறவர் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் ஓடலாம், அதற்கு மேல் உடம்பு தாங்காது. அந்த ஒரு நாள் காய்ச்சல் என்றால், தொடை நரம்பு பிடித்தது என்றால், ஆறு மாத வேலை கூலி இல்லாமல் போனது. கிடைத்ததிலும் முகவருக்கு நூற்றுக்குப் பத்து பதினைந்து, பிறகு வரி. சேமலாப நிதி கிடையாது, சேவைக்காலப் பணமும் கிடையாது. முப்பத்தைந்து வயதுக்குள் அநேகம் பேருடைய கணக்கு முடிந்துவிடுகிறது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் அவர் எப்படி நிலைத்தார் என்பதுதான் நாங்கள் பார்க்க வேண்டியது.

கப்டகட் என்ற இடத்தில் ஒரு பயிற்சி முகாம். அது நிற்கும் உயரம் சுமார் 2,400 மீற்றர். எங்கள் பீதுருதாலகால மலையின் உச்சி 2,524 மீற்றர் என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். கிப்சோகே கோடீஸ்வரரான பிறகும் திங்கள் முதல் சனி வரைக்கும் அங்கேதான். மனைவி, மூன்று பிள்ளைகள் எல்டொரெட் நகரத்து வீட்டில். ஞாயிறு ஒரு நாளுக்குத்தான் வீட்டுக்குப் போவார். முகாமில் முறை வைத்து வேலை: தண்ணீர் கொண்டுவர வேண்டும், மரக்கறி வெட்ட வேண்டும், கக்கூஸ் கழுவ வேண்டும். உலக சாதனைக்காரரும் தன் முறை வந்தால் விளக்குமாற்றைத் தூக்கினார். சோளமாவில் கிண்டிய களி, கீரை, பால் விட்ட தேத்தண்ணி, இதுதான் சாப்பாடு. இரவு ஒன்பது மணிக்கெல்லாம் படுக்கை. பகலிலும் ஒரு தூக்கம்.

ஒரு வாரத்தில் 200 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டம். நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போகிறோமே, அதைவிடக் கூடுதல். ஆனால் எங்கள் பையன்கள் கவனிக்க வேண்டியது, அதில் பெரும்பகுதி மெதுவான ஓட்டம். வேக ஓட்டம் வாரத்தில் செவ்வாயும் சனியும், நீண்ட ஓட்டம் வியாழன். மற்ற நாட்களில் பேசிக்கொண்டே ஓடுகிற வேகம்தான். பயிற்சியில் ஒருநாளும் முழுப் பலத்தையும் கொட்டுவதில்லை என்பது அவருடைய வழக்கம், நூறில் எண்பதோடு நிறுத்திக்கொள்வார். ஓடியதை எல்லாம் 2003இலிருந்து கொப்பியில் எழுதி வைத்தார். இங்கே எங்கள் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தினமும் உயிரைக் கொடுத்து ஓடி, கால் வீங்கி, போட்டியன்று வேலியில் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

பெண் பிள்ளைகளின் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை, கொஞ்சம் காது கொடுங்கள். உயரமான இடத்தில் காற்று மெலிசு. அதை ஈடு செய்ய உடம்பு சிவப்பு இரத்த அணுக்களைக் கூடுதலாக உண்டாக்கும். அதனால்தான் மலைநாட்டு ஓட்டக்காரருக்குப் பலம். ஆனால் அதற்கு இரும்புச்சத்து வேண்டும். இரத்தம் குறைந்த பிள்ளையை ஓட விட்டால் பிள்ளைதான் வாடும், நேரம் குறையாது. முருங்கைக் கீரை, பருப்பு, கடலை, நெத்தலிக் கருவாடு, கூட ஒரு தேசிக்காய்த் துண்டு அல்லது கொய்யாப்பழம் கொடுங்கள். தேயிலைத் தோட்டத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது: சோற்றோடும் ரொட்டியோடும் சாயத் தேத்தண்ணியைக் குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராது. குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். ஓடுகிற பெண் பிள்ளைக்கு மாதவிடாய் மாதக்கணக்கில் நின்றுபோனால் அது சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்கிற சேதி. மறைக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள். அப்பாயிமாருக்கும் சொல்கிறோம், ஓடுவதால் பெண் பிள்ளை கெட்டுப்போவதில்லை. பட்டினியோடு ஓடினால்தான் கெடும்.

இந்தத் தொழிலில் களவும் உண்டு. ரியோவில் ஆண்கள் மரதனில் கிப்சோகே தங்கம் வென்றார் இல்லையா, அதே ஒலிம்பிக்கில் பெண்கள் மரதனில் தங்கம் வென்றவரும் கென்யாக்காரிதான், ஜெமைமா சும்கொங். அடுத்த வருஷம் 2017இல், இரத்த அணுக்களைக் கூட்டுகிற ஊசி மருந்து அவர் உடம்பில் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. நான்கு வருஷத் தடை. நாளைக்கு உங்கள் பிள்ளைக்கு யாராவது "இது வெறும் விற்றமின்" என்று ஊசி போட வந்தால், என்ன மருந்து, எழுதித் தா என்று கேளுங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் அந்த ஆளை வாசலுக்குள் விடாதீர்கள். அதே மாதிரித்தான் கையெழுத்தும். வெளியூரிலிருந்து காரில் வந்து, பிள்ளையை ஓட்டக்காரனாக்குகிறேன் என்று கடதாசி நீட்டுகிறவர்கள் வரலாம். எங்கள் முன்னோரைக் கடதாசி காட்டித்தான் கப்பலேற்றினார்கள். வாசித்துச் சொல்ல ஆள் இல்லாமல் விரல் வைக்காதீர்கள், எங்களிடம் கொண்டு வாருங்கள்.

கிப்சோகேயின் மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறோம். 2020 லண்டனில் காது அடைத்துப்போய் எட்டாமிடம். முடிந்தது என்றார்கள். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மறுபடியும் தங்கம். 2022 பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 செக்கன், தன் சாதனையைத் தானே முறியடித்தார். 2023இல் இன்னொரு கென்யா வாலிபர், கெல்வின் கிப்டம், சிக்காகோவில் 2 மணி 35 செக்கனில் ஓடி அதைப் பறித்தார். ஆடுமாடு மேய்த்து வளர்ந்த பிள்ளை அவர். 2024 பெப்ரவரியில் 24 வயதில் கார் விபத்தில் இறந்துபோனார், அவருடைய பயிற்றுவிப்பாளரும் கூடவே. அந்த வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கில் கிப்சோகேக்கு இடுப்பில் வலி. முப்பது கிலோமீற்றர் தாண்டியதும் ஓட்டத்தை நிறுத்தி, சப்பாத்தையும் சட்டையையும் வேடிக்கை பார்த்தவர்களுக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டார். ஒரு மரதனை அவர் பாதியில் விட்டது அதுதான் முதல் தடவை. 2025 நவம்பரில் நியூயோர்க்கில் ஓடினார். பதினேழாமிடம். முதலில் வந்தவர்கள் தண்ணீர் குடித்து முடித்த பிறகு வந்து சேர்ந்தார், சிரித்துக்கொண்டே வந்தார்.

இனி, கூட்ட முடிவில் நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில்.

பள்ளிக்கூடத்தை விடுவேன் என்று நிற்கிற மகனைப் பற்றி ஒரு தகப்பனார் கேட்டார். கிப்சோகேயே படிப்பை முடித்துவிட்டுத்தான் சாங்கிடம் போனார் என்று மகனிடம் சொல்லுங்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதட்டும். ஓடுவதற்கு விடியற்காலையும் பின்னேரமும் இருக்கின்றன. பதினாறு வயதுப் பையனுக்கு முழு மரதன் கூடவே கூடாது. 3,000 மீற்றர், 5,000 மீற்றர் போதும்.

இரத்தப் பரிசோதனையைப் பற்றி இரண்டு தாய்மார் கேட்டார்கள். ஓடுகிற பிள்ளைகளின் பெயர்களைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கொடுங்கள். பூச்சி மருந்தும் கொடுத்தீர்களா என்று அவர் கேட்பார், அதற்கும் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

சப்பாத்து வாங்கக் காசில்லையே என்று ஒரு அக்கா கேட்டார். இப்போது விற்கிற கரித்தகடு வைத்த விலை உயர்ந்த சப்பாத்து எங்கள் பிள்ளைகளுக்குத் தேவையில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் எதியோப்பியாவின் அபெபே பிக்கிலா வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றார். புல்தரையில் சின்னப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடலாம், ஆணி, போத்தல் துண்டு இல்லையா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தார் ரோட்டில் ஓடுவதானால் விரலை நெரிக்காத சப்பாத்து ஒன்று இருந்தால் போதும். மழையில் நனைந்தால் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், ஒட்டு விட்டுப்போகும். பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து வையுங்கள், காலையில் காய்ந்திருக்கும்.